இடது விளிம்பு

அக்காவுக்கு வலது கண் போனதுல எனக்கும் பங்கு உண்டு. இதை முதல்லயே சொல்லிடுறேன். குறையை முதல்ல காட்டு, மத்ததை அப்புறம் காட்டு என்பதுதான் அக்காவோட முறை. ஒரு பழைய நாணயத்தை அவங்க கையில கொடுத்தா, சங்கு தெரியுதா, ராஜா தலை தெரியுதான்னு மத்தவங்க பாக்கிற மாதிரி பாக்க மாட்டாங்க. ரெண்டு விரலால விளிம்பை மட்டும் பிடிச்சு, திருப்பித் திருப்பி, எங்க அடிபட்டிருக்கு, எங்க கீறல், எங்க பச்சை பூத்திருக்குன்னு தேடுவாங்க. கண்டுபிடிச்சதும் முகத்துல ஒரு திருப்தி வரும். கேமராவுல எடுக்கிற முதல் படம் அந்த இடத்துக்குத்தான்.

"மூஞ்சி நல்லா இருந்தா அதை எவனும் பாப்பான் மக்கா. நோவு எங்க இருக்குன்னு நாமதான் காட்டிக் குடுக்கணும்" என்பாங்க.

பேரை எழுதப்போறதில்லை. போன வருஷம் பெங்களூர்ல மகள் வீட்டுல வச்சு இறந்துபோனாங்க. என்மேல அவங்களுக்கு எவ்வளவு கோபம் மிச்சம் இருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. கேக்காம பேரையும் போட்டு அதுல ஒண்ணு கூட்ட வேண்டாம்.

நான் சவுதியில ஆறு வருஷம் இருந்துட்டு வந்து குலசேகரத்துல ஒரு மொபைல் கடை போட்டிருந்தேன். மாடியில கடை. கீழ ரப்பர் ஷீட்டு எடுக்கிறவரோட குடோன். அந்த வாடையிலதான் எனக்கு வியாபாரம். கூட்டம் இல்லாத நேரத்துல அப்பா விட்டுட்டுப் போன பவுடர் டின்னைத் திறந்து பாப்பேன். உள்ள பூரா பழைய காசு. திருவிதாங்கூர் காலத்துச் சக்கரம், காசு, நடுவுல ஓட்டை போட்ட காலணா. போன்ல நாணயம் சேக்கிறவங்களுக்குன்னு குழுக்கள் இருக்குன்னு தெரிஞ்சதும் நானும் படம் எடுத்துப் போட்டேன். என் படத்துல காசு கறுப்பா இருக்கும், அதுக்குள்ள கடையோட ஃபேன் சுத்தும், ஓரத்துல என் கட்டைவிரல் நிக்கும். ஒருத்தர் கீழ எழுதினார், "நண்பரே, இது நாணயமா, தோசைக்கல்லா?" எனக்கு ரோஷம் வந்துட்டு. திற்பரப்பு ரோட்டுல ஒரு அக்கா இருக்காங்க, மார்த்தாண்டத்துல ஸ்டுடியோவுல இருந்தவங்க, சின்னச் சாமானெல்லாம் நல்லா எடுப்பாங்கன்னு கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னார். மறுநாளே டின்னைத் தூக்கிட்டுப் போனேன்.

போய்ப் பார்த்தா ஸ்டுடியோவும் இல்லை, ஒண்ணும் இல்லை. படுக்கிற அறையில ஜன்னல் ஓரமா ஒரு மேசை, அதுமேல ஒரு ஸ்டூல். ஸ்டூலோட பலகையில வட்டமா ஓட்டை. அந்த ஓட்டை வழியா கேமராவோட லென்ஸ் கீழ எட்டிப் பாக்கும். லென்ஸுக்கு முன்னால பூதக்கண்ணாடி மாதிரி ஒரு வில்லை மாட்டியிருக்கும். கீழ பழைய குடையில இருந்து வெட்டின கறுப்புத் துணி. வெல்வெட் வாங்கினா என்னன்னு கேட்டேன். "வெல்வெட்டுல இருந்து ரோமம் பறக்கும். குடைத்துணியில தூசி விழுந்தா ஊதினாப் போச்சு" என்றாங்க. பிள்ளைங்க படிக்கிற டேபிள் லைட்டு ரெண்டு. அதை வைக்கிற இடத்துக்கு அக்கா கடிகாரத்துலதான் கணக்குச் சொல்லுவாங்க. நாணயத்தோட தலை பன்னிரண்டு மணின்னா, ஒரு லைட்டு பதினொண்ணுல, இன்னொண்ணு ஒரு மணியில. வெள்ளிக்காசு வந்தா, அடிப்பாகத்தை வெட்டி எடுத்த வெள்ளை ஐஸ்கிரீம் கப்பை அது மேல கவுத்துவாங்க. வெளிச்சம் கப்பு வழியா வடிஞ்சு போகும். நேரா அடிச்சா வெறும் பளபளப்புதான் தெரியும், கப்பு வழியா விட்டா ஒவ்வொரு எழுத்தும் எழுந்து நிக்கும்.

பட்டனை விரலால அமுக்கினா ஆட்டம் வரும்னு பத்து செகண்டு டைமர் வைப்பாங்க. அந்தப் பத்து செகண்டும் அறையில யாரும் மூச்சு விடப்பிடாது. ஃபேன் கிடையாது. பஸ்ஸு போனா மேசை நடுங்கும்னு, திற்பரப்பு பஸ்ஸு எந்த நேரத்துல போகும், எந்த நேரத்துல திரும்பும்னு மனப்பாடமா வச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை வேலையே கிடையாது. காலையில ஜெபத்துக்குச் சபைக்குப் போகணும், மத்தியானத்துக்கு மேல அருவிக்குக் குளிக்கப் போற வேன் ஒண்ணு மாத்தி ஒண்ணு ரோட்டுல பாட்டுப் போட்டுட்டுப் போகும். ஒருநாள் டைமர் ஓடும்போது எனக்குத் தும்மல் வந்து, அடக்கி, அடக்க முடியாம, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தும்மினேன். அக்கா படம் முடிஞ்சப்புறம் சொன்னாங்க, "இவ்வளவு மரியாதையா நான் சபையில கூட யாரும் தும்மிக் கண்டதில்ல."

கேமரா அந்த ஸ்டுடியோவுல இருந்தது. கடையை மூடினப்போ சம்பளத்தோட சேத்து ஓனர் கொடுத்திருக்கார். பின்பக்கத்துத் திரை செத்துப்போச்சு. அதனால அக்கா ஸ்டூலுக்கு மேல குனிஞ்சு, இடது கண்ணை இறுக்க மூடி, வலது கண்ணை கேமரா முதுகுல இருக்கிற சின்ன ஜன்னல்ல ஒட்டி வச்சுத்தான் பாப்பாங்க. எடுத்தது எப்படி வந்திருக்குன்னு அங்கயே பாக்க வழி இல்லை. நான் கார்டைக் கழத்திக் கொண்டுபோய் கடைக் கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் தெரியும். முதல்ல கொஞ்ச நாள் அக்காவும் கடைக்கு வந்து ஒவ்வொண்ணா பார்த்து, இது வேண்டாம், இது இருக்கட்டும்னு சொல்லுவாங்க. அப்புறம் முட்டுவலி. மாடி ஏறப் பிடிக்காம, "எல்லாம் நீயே பாத்துப் போடு" என்றுட்டாங்க.

நான் அவங்ககிட்ட முதல் தடவை வாங்கிக் கட்டினது ஆசிட்டுக்கு. எங்க பக்கத்துல ரப்பர் இருக்கிற வீட்டுல எல்லாம் ரப்பர் பால் உறைய விடுற ஆசிட் ஒரு பிளாஸ்டிக் கன்னாஸுல இருக்கும். வீட்டுல சும்மாதான இருக்குன்னு ஒரு கரண்டி எடுத்துத் தண்ணியில கலக்கி, அப்பாவோட செம்புச் சக்கரம் பதினொண்ணையும் அதுல போட்டேன். அரைமணி நேரத்துல கறுப்பெல்லாம் போயி, நேத்து அடிச்ச காசு மாதிரி வெளிய வந்துச்சு. பெரிய வித்தை செஞ்ச நினைப்புல துணியில பொதிஞ்சு கொண்டுபோய் அக்கா முன்னால விரிச்சேன்.

அக்கா ஒண்ணை எடுத்து, விளிம்பைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தாங்க.

"குளிப்பாட்டினியா?"

"ஆமாக்கா. கொள்ளாமா, நல்லா இருக்கா?"

"எதுல?"

"ரப்பர் ஆசிட்டுல."

அப்படியே கட்டில்ல இருந்துட்டாங்க. "ஏலே, அது எழுபது எண்பது வருஷமா கெடந்து தேடி வச்ச நிறம்லே. ஒரு கரண்டி ஆசிட்ல கொன்னுட்டியே. இது இனி சக்கரம் இல்ல. சட்டைப் பொத்தான்."

எனக்கு முகம் செத்துப்போச்சு. ஆனாலும் படம் எடுத்தாங்க. எடுத்துட்டு, இது ஆசிட்டுல கழுவினதுன்னு படத்துக்குக் கீழ எழுதணும்னு சொன்னாங்க. நான் சண்டை போட்டேன். யாரு கண்டா, யாரு கேக்கப்போறான்னு எல்லாம் பறஞ்சேன். "நான் கண்டேனே. எழுதாட்டா கார்டு தரமாட்டேன்." கார்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள வச்சுட்டாங்க, அதுக்கு மேல நான் என்ன செய்ய? "ஆசிட்டில் கழுவியது, தவறு என்னுடையது" என்று எழுதிப் போட்டேன். மூணு மாசம் குழுவுல என் பேரே ஆசிட்டுன்னு ஆயிப்போச்சு. ஆனா அதைப் படிச்சுட்டுத்தான் தக்கலையில இருந்து ஒரு ரிட்டயர்டு சார் என்னைக் கூப்பிட்டார். இவ்வளவு உண்மையைச் சொல்றவன்கிட்ட என் காசையெல்லாம் கொடுத்துப் படம் எடுக்கலாம்னு இருக்கேன் தம்பி என்றார். உண்மை யாரோடதுன்னு நான் அவர்கிட்ட சொல்லிக்கல.

அந்தச் சார் வந்தது ஒரு கதை. அவர்கிட்ட ஒரு வெள்ளி அரை ரூபாய் இருந்துச்சு. அருமையான காசு, ஆனா குறுக்க ஒரு கீறல். அதை யாருக்காவது விலைக்குக் கொடுக்கிறதா வேண்டாமான்னு அவருக்கு ஒரு யோசனை. "அம்மா, லைட்டைக் கொஞ்சம் அங்க இங்க மாத்தினா இந்தக் கீறல் தெரியாம எடுக்கலாமாமே?" என்று நைசா கேட்டார்.

அக்கா மறுப்பு ஒண்ணும் சொல்லல. ஒரு லைட்டை அணைச்சாங்க. இன்னொண்ணைக் கீறல் போற திசைக்கே திருப்பினாங்க. நாணயத்தோட ஒரு ஓரத்துக்கு அடியில தீக்குச்சி ஒண்ணை வச்சுச் சரிச்சாங்க. "இப்பம் பாருங்க சார்." சார் குனிஞ்சு பார்த்தார். நானும் பார்த்தேன். கீறல் இருந்த இடமே தெரியல. சாருக்கு வாயெல்லாம் பல்லு. அக்கா தீக்குச்சியை உருவினாங்க, ரெண்டு லைட்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாங்க, கீறல் பல்லைக் காட்டிட்டு நின்னப்போ டைமரை அமுக்கினாங்க.

"மறைக்கத் தெரியாம இல்ல சார். இருபது வருஷம் அதுதான் எனக்க வேலை."

சார் கோவிச்சுட்டுப் போயிடுவார்னு நான் பயந்தேன். அவர் சாயா குடிச்சுட்டு, மிச்சப் பழைய காசையும் படம் எடுக்கன்னு அங்கயே வச்சுட்டுப் போனார்.

அந்த இருபது வருஷத்தை அக்கா ஒரு மழைநாள்ல சொன்னாங்க. கரண்டு போயிட்டு. லைட்டு இல்லாம வேலை இல்லை. கட்டன் சாயா போட்டுத் தந்துட்டு, ஸ்டுடியோவுல தான் டச்சப் செஞ்ச கதையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. முகப்பரு எடுக்கிறது, மறு எடுக்கிறது, கல்யாண வீட்டுல கண்ணை மூடினவங்களுக்குக் கண்ணைத் திறந்து விடுறது. சிதறால் பக்கத்துல இருந்து ஒரு பிள்ளை வந்திருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் படம் எடுக்க. சின்ன வயசுல கஞ்சி கொட்டி கழுத்துல பெரிய தழும்பு. ஓனர் சொல்லாமலே அக்கா ரெண்டு மணிநேரம் இருந்து அந்தத் தழும்பை எடுத்திருக்காங்க. தோலோட நிறம் ஒரு இடத்துலயும் மாறல. அவங்க செஞ்சதுலயே அதுதான் நல்ல வேலைன்னு பெருமையா இருந்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க படத்தைப் பார்த்துட்டு வந்து, நேர்ல கழுத்தைப் பார்த்துட்டு, சாயா கூடக் குடிக்காம எழுந்து போயிருக்காங்க.

"மறுநாள் அந்தப் பிள்ளை படத்தைக் கொண்டு கடைக்கு வந்தா. ஏசவும் இல்ல, கண்ணீர் விட்டுக் கரையவும் இல்ல. படத்தை மேசையில வச்சு, அக்கா இதுல இருக்கது யாருன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா." அக்கா டம்ளரை உருட்டிட்டே இருந்தாங்க. "அந்த வாரமே ஓனர்கிட்ட பறஞ்சிட்டேன், இனி பாஸ்போர்ட் படம் மட்டும் போதும்னு."

இந்தக் கதையை இப்படி முகத்துக்கு நேரா இருந்து கேட்டவன்தான் நான். கேட்டுட்டு நான் செஞ்ச வேலை இருக்கே, அதை நினைச்சா எனக்கே என்மேல ஆத்திரம் வருது.

ஒரு ஆடி மாசம். சாரோட காசு பன்னிரண்டு எடுத்திருந்தாங்க. கார்டைக் கடையில கொண்டுவந்து போட்டா, மூணு படத்துல இடது விளிம்பு இல்லை. நாணயம் ஒரு பக்கமா நகந்து, ஓரம் வெட்டுப்பட்டிருக்கு. ஸ்டூல் ஆடியிருக்கும்னு நினைச்சேன். அடுத்த தடவை ஏழு படம் அப்படி. எல்லாத்துலயும் இடது பக்கம்தான். விளிம்புல ஒரு மயிரிழை அடிபட்டிருந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷிக்கு விளிம்பே போனது தெரியலன்னா அது ஸ்டூலோட குத்தம் இல்லைன்னு எனக்குப் புரிஞ்சுது. அப்புறம்தான் மத்ததும் கண்ணுல பட்டுச்சு. மேசையில வச்ச டம்ளரைக் கை தட்டிவிடும். கதவு நிலையில தோள் இடிக்கும். "இந்தக் கதவு வரவர ஒடுங்கிட்டு வருது" என்று அதையும் தமாஷாக்கிடுவாங்க.

ஒருநாள் மனசைத் திடப்படுத்திட்டுக் கேட்டேன். "அக்கா, கண்ணாடி மாத்தி ரொம்ப நாளாச்சுல்லா?"

"ஏன்? படத்துல குத்தம் உண்டா?"

கேக்கும்போது கையில இருந்த குடைத்துணியை மடிக்கிறதை நிறுத்திட்டாங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாலதான் சொல்லியிருந்தாங்க, மகள் பெங்களூருக்கு வந்துருன்னு தினம் போன்ல விளிக்கா, இந்த வேலை ஒண்ணு இருக்கதுகொண்டு அவகிட்ட வரமாட்டேன்னு சொல்ல எனக்கு ஒரு வழி இருக்குன்னு. அது எனக்கு ஞாபகம் வந்துச்சு. உள்ளதைச் சொன்னா இந்த மேசையும் ஸ்டூலும் நாளைக்கே பரண்ல ஏறிடும், அக்கா பெங்களூர்ல பன்னிரண்டாவது மாடியில போய் இருப்பாங்க. இன்னொண்ணும் உண்டு, அதையும் சொல்லணும். வாரத்துக்கு ரெண்டு நாள் அந்த வீட்டுல போய் இருந்து ஏச்சு வாங்கிட்டு, சாயா குடிச்சுட்டு வர்றது எனக்குப் பழகிப்போச்சு. அது இல்லாமப் போறது எனக்குப் பிடிக்கல.

"ஒரு குத்தமும் இல்லக்கா. நல்லா வந்திருக்கு" என்றேன்.

ஒரு தடவை சொல்லிட்டா அடுத்த தடவையும் அதையே சொல்லணும். எப்படியும் காசைச் சார்கிட்டத் திருப்பிக் கொடுக்கிறது நான்தான். கொடுக்கிறதுக்கு முன்னால கடையில வச்சு நானே திரும்ப எடுத்தேன். ரெண்டு டேபிள் லைட்டு வாங்கினேன். ஐஸ்கிரீம் தின்னு கப்பை வெட்டினேன். புத்தகத்தை ரெண்டு பக்கமும் அடுக்கி நடுவுல போனை வச்சு, பதினொண்ணு, ஒரு மணின்னு லைட்டு வச்சு, மூச்சைப் பிடிச்சுட்டு நின்னேன். குறையை முதல்ல எடுத்தேன். இதுல மட்டும் நான் ஒழுங்கு. குழுவுல நல்ல படம்னு யாராவது எழுதினா, அதை அக்காவுக்குப் போன்ல வாசிச்சுக் காட்டுவேன். "அப்பிடியா பறஞ்சிருக்கான்? திரும்ப வாசி" என்பாங்க. அவங்களுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். மகள்கிட்டயும் சொல்லுவாங்க, பாத்தியா, எனக்க படத்துக்கு இங்க ஆளு இருக்குன்னு. ஆடி போயி ஐப்பசி வந்துச்சு. இடது விளிம்போட சேந்து இப்பம் எழுத்துலயும் ரெண்டு மூணு வெட்டுப்பட ஆரம்பிச்சுது. நான் அதையும் பார்த்தேன், பார்த்துட்டு என் போனை எடுத்துப் புத்தகத்து மேல வச்சேன்.

மார்கழியில ஒருநாள் அக்கா திடீர்னு கடைப் படி ஏறி வந்துட்டாங்க. அவங்க போன்ல சார்ஜ் ஏறல. என் கம்ப்யூட்டர்ல நான் எடுத்த வெள்ளிக்காசு ஒண்ணு முழுத் திரையில நிக்குது. மூட நேரம் இல்லை. அக்கா பக்கத்துல வந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"இது நான் எடுத்ததா?"

"ஆமாக்கா."

"ரெண்டு பக்கமும் வெளிச்சம் ஒரே அளவுல நிக்குது. நான் எப்பமும் இடது லைட்டைக் கொஞ்சம் தாழ்த்தில்லா வைப்பேன்?" திரும்பவும் திரைகிட்டக் குனிஞ்சாங்க. "சரி, கை மறந்திருக்கும். ஆனா கொள்ளாம் மக்கா. அடுத்தாப்புலயும் இப்பிடியே வைக்கேன்" என்று சொல்லிட்டுப் படி இறங்கினாங்க. இறங்கும்போது கைப்பிடியைத் தேடித் தேடிப் பிடிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி வெட்டுப்பட்ட படத்தையெல்லாம் ஒவ்வொண்ணா திரும்பத் திறந்து பார்த்தேன். காலையில போய்ச் சொல்லிடணும்னு முடிவு பண்ணினேன். காலையில கடையில கூட்டம் வந்துட்டு. இப்படித்தான் ஒவ்வொரு காலையும் எனக்கு ஏதாவது வந்துச்சு.

பங்குனியில ஒரு ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சு இறங்கும்போது அக்கா கடைசிப் படியைக் காணாம விழுந்தாங்க. எலும்புக்கு ஒண்ணும் இல்லை, முழங்கையில தோல் உரிஞ்சுது. கூட வந்த பெண்டுகள் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. அவ நர்ஸு. முழங்கையை விட்டுட்டு, படி எப்படித் தெரியாமப் போச்சுன்னுதான் கேட்டா. அன்னைக்கே எனக்கும் கூப்பிட்டு, "அண்ணா, அம்மாவை நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றா. காரெடுத்து நாகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். வழி முழுக்க அக்கா நல்ல கலகலப்பா இருந்தாங்க. விழுந்தப்போ பாஸ்டரம்மா போட்ட கூப்பாட்டை நடிச்சுக் காட்டினாங்க.

ஆஸ்பத்திரியில ஒரு மெஷின் முன்னால உக்கார வச்சு, தலையை அதுல பொருத்தி, ஒரு கண்ணை மூடிட்டு, லைட்டு தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னாங்க. வெளிய வந்ததும் என்கிட்ட சொன்னாங்க, "உள்ள வெள்ளையா ஒரு கிண்ணம் மக்கா. வெளிச்சத்தை அழகா பரத்தியிருக்கான். ஆனா மெஷினு கேடுன்னு தோணுது. வலது கண்ணுக்குப் பாக்கும்போது ரொம்ப நேரம் லைட்டே வரல்ல. பேசாம இருந்தேன்."

டாக்டர் கூப்பிட்டதும் நான் அவங்க கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனேன்.

டாக்டர் ரெண்டு தாளை மேசையில வச்சார். இடது கண்ணோட தாள்ல ஓரத்துல கொஞ்சம் கறுப்பு. வலது கண்ணோட தாள்ல இடது பாதி முழுக்கக் கறுப்பு, மிச்சத்துலயும் அங்கங்க. என் கம்ப்யூட்டர்ல மாசக்கணக்கா நான் பார்த்ததும் இதே பக்கம்தான். கண்ணுக்குள்ள பிரஷர் கூடி நரம்பு கெட்டிருக்கு, வலி இருக்காது, அதனாலதான் தெரியலன்னு டாக்டர் பொறுமையா சொன்னார். போனது திரும்ப வராது, வலது கண் அனேகமா முடிஞ்சுது, இடதை மருந்து விட்டுக் காப்பாத்தலாம் என்றார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கும்மா?"

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர். அதுக்கு முன்ன ஒண்ணும் இல்ல. நான் படம் எடுக்கிறவ. கண்ணுல கேடு உண்டுன்னா படத்துல தெரிஞ்சிருக்குமே. படமெல்லாம் நல்லா வந்துட்டு இருக்கு. வேணும்னா இவனைக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அக்காவும் திரும்பிப் பார்த்தாங்க, முகத்துல ஒரு சின்னப் பெருமை. அந்த நேரத்துல கூட எனக்கு இன்னொரு பொய் வாய்நுனி வரைக்கும் வந்துச்சு. அதையும் ஒளிக்காமச் சொல்றேன்.

"ஒன்பது மாசம் டாக்டர்" என்றேன். "ஆடியில இருந்து. இடது பக்கம் வெட்டுப்பட்டுட்டு இருந்துச்சு."

டாக்டர் எழுதிட்டே சொன்னார், "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு விட்டிருக்க மாட்டோம்." குரல்ல கோபம் ஒண்ணும் இல்லை. சீட்டைக் கிழிச்சுக் கையில தந்தார்.

வெளிய வராந்தாவுல பெஞ்சு போட்டிருந்துச்சு. மருந்து வாங்க ஆள் நிறைய நின்னதால அங்க உக்காந்தோம். நான் எல்லாத்தையும் சொன்னேன். திரும்ப எடுத்தது, புத்தகம் அடுக்கினது, எதையும் விடல. அக்கா மடியில கைப்பையை வச்சு அதோட வாரைச் சுத்திச் சுத்தி அவிழ்த்துட்டு இருந்தாங்க.

"மார்கழியில நான் கடையில வந்து கண்டது?"

"அதுவும் நான் எடுத்ததுதான்க்கா."

"ம். நல்ல படம்."

எதிர்ல ஒரு கைக்குழந்தை கண்ணுல கட்டோட தூங்கிட்டு இருந்துச்சு, அதையே பார்த்துட்டு இருந்தாங்க. ஏசினா கூடப் பரவாயில்லைன்னு எனக்கு இருந்துச்சு. ஆசிட்டுக்கு ஏசின ஏச்சுல கால்பங்கு ஏசியிருந்தா நான் அன்னைக்கு நல்லாத் தூங்கியிருப்பேன்.

"நான் வருத்தப்படுவேன்னா பறையாம இருந்தே?"

"ஆமாக்கா."

"வருத்தம் ஒரு வாரத்துல போயிருக்கும் மக்கா."

மருந்துக்குப் பேர் விளிச்சாங்க. போய் வாங்கிட்டு வந்தேன். வாசல்ல எட்டுப் படி. அக்கா எழுந்து சேலையைச் சரி பண்ணிட்டு மேல்படியில வந்து நின்னாங்க. விழுந்துடக் கூடாதேன்னு நான் ஓடிப்போய் அவங்க வலது கைப்பக்கம் நின்னேன்.

"அங்க நின்னா நீ எனக்குத் தெரியமாட்டே" என்றாங்க. "இந்தப் பக்கம் வா."